இல்லாத பூச்சாடிக்கு நகல் ஏது?

கம்மாபுரம்

அன்புள்ள மகளே,

“பூவைப் பார்த்து அப்படியே வரைவது நகல்தானே ஐயா, அதில் கலை எங்கே?” என்று கேட்டுவிட்டு நெய்வேலிக்குப் பஸ் ஏறிவிட்டாய். கேள்வி என்னை விடவில்லை.

நீ காட்டியது ரேச்சல் ரூயிஷ் (1664–1750) வரைந்த பூச்சாடி. அந்தச் சாடியை எதிரில் வைத்துக்கொண்டு வரைந்தார் என்றா நினைக்கிறாய்? டச்சு ஓவியர்களின் சாடிகளில் வசந்தத்து டூலிப்பும் கோடைப் பூக்களும் ஒட்டி நிற்கும். நிஜத்தில் அவை ஒரே நாளில் பூப்பதில்லை. தனித்தனியே வரைந்து வைத்திருந்த பூக்களைத் திரட்டிக் கட்டிய கொத்து அது. இல்லாத ஒன்றுக்கு நகல் ஏது?

நம் பக்கத்துக்கு வா. 1819இல் சென்னை மாகாணத்துக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ராபர்ட் வைட்டிடம் முதலில் ரங்கையா, பிறகு கோவிந்து என்று இரண்டு ஓவியர்கள் இருந்தார்கள். வைட்டின் ‘ஐக்கோன்ஸ்’ என்ற தாவரப் பட நூல் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக, 2,101 படங்களோடு வந்தது. அவற்றில் மிகப் பல இவர்கள் கைவண்ணம். ஒரே கிளையில் மொட்டும் மலரும் காயும்; அடியில் அறுத்துப் பெரிதாக்கிய சூலகம். இதுவும் பல நாள் பார்த்ததைச் சேர்த்துக் கட்டியதுதான்.

நீ வரும் வழியெல்லாம் முந்திரிக் காடு. மாசியில் ஒரு பூங்கொத்தை ஒடித்து லென்ஸில் பார். ஐந்து இதழும் பின்னோக்கிச் சுருண்டிருக்கும். புதுப் பூ வெளிறியும் நாளான பூ சிவந்தும் ஒரே கொத்தில் இருக்கும். மகரந்தத் தாள்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைத் தாண்டி நீளும். செல்போனில் எடுத்தால் கொத்துதான் விழும். அந்த ஒற்றைத் தாள் தெரிய வேண்டுமானால் எதை விடலாம், எதைத் திருப்பி வைக்கலாம் என்று அறிந்த கை வேண்டும். அந்தக் கை கோவிந்துவுக்கு இருந்தது.

“கூலிக்கு வரைந்தவர்கள்” என்று இவர்களை ஒதுக்குகிறவர்களைக் கண்டாலே எனக்குக் கோபம் வருகிறது. ரூயிஷ் மட்டும் சும்மாவா வரைந்தார்? 1708 முதல் ஒரு ஜெர்மன் இளவரசரின் அரண்மனை ஓவியர் அவர்!

எடின்பரோ தாவரவியல் தோட்டத்து ஹென்றி நோல்ட்டி 2007இல் ரங்கையா, கோவிந்து இருவரின் படங்களைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதினார். கையில் எடுத்தால் எனக்குச் சாப்பாட்டு நேரம் தெரிவதில்லை. ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் ‘கோவிந்தூயா’ என்று தன் ஓவியரின் பெயரையே வைத்ததும் அதில் வருகிறது. பின்னாளில் அது ‘ட்ரொபிடியா’ என்ற பேரினத்துக்குள் அடங்கிப்போனது. முந்தி வைத்த பெயரே நிற்கும் என்பது தாவரவியல் விதி; அதோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ரவி வர்மாவுக்குப் பக்கம் பக்கமாக எழுதும் நம் கலை வரலாற்றுக்காரர்கள் இவர்களுக்கு ஒரு பத்தி தரக் கூடாதென்று எந்த விதி சொல்கிறது?