ரெண்டு கண்ணாடி, ஒரே சீட்டு

நாப்பது தாண்டினா வெள்ளெழுத்து வரத்தான் செய்யும், ஏட்டி. லோடு நோட்டை எட்டப் பிடிச்சுப் படிக்கிறதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல. ஆனா தூரத்துக்குப் போடுற பழைய கண்ணாடியை வச்சே எல்லாத்தையும் ஓட்டிரலாம்னு நினைக்காத. முள்ளக்காட்டு உப்பள வேலைக்கு ரெண்டு கண்ணாடி கட்டாயம் வேணும்: ஆபீஸ்ல போட ஒண்ணு, வெளியில போட ஒண்ணு.

முதல்ல டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டு. மதுரையில 1976-ல 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமியே நம்ம எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர்தான். இன்னைக்கு அந்த ஆஸ்பத்திரி திருநெல்வேலியிலயும் இருக்கு, அலையவே வேண்டாம். சர்க்கரை ஏறி இறங்கினா பவரும் மாறும். அது கட்டுக்குள்ள வந்தப்புறம் எடுத்த சீட்டைத்தான் நம்பணும். அந்த ஒரே சீட்டுல ரெண்டு கண்ணாடியும் போடு. பழைய பவர் ஒண்ணு, புதுப் பவர் ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் போட்டா தலைவலிதான் மிச்சம்.

வெளியில போடுறதுக்குத்தான் நிறைய யோசிக்கணும். திருச்செந்தூர் ரோட்டுல ரெண்டு பக்கமும் பாத்தித் தண்ணியும் உப்புக் குவியலும் கண்ணைப் பறிக்கும். வெயில்ல தானாக் கறுக்கிற ஃபோட்டோகுரோமிக் லென்ஸைக் கடையில காட்டுவாங்க. நீ ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுறவ. அது புற ஊதாக் கதிரைத் தடுத்திரும், கதிர் படாம அந்த லென்ஸ் சரியாக் கறுக்காது. போதாததுக்கு, சூடு கூடக் கூட அந்தக் கறுப்பும் குறையும். நம்ம சித்திரை வெயிலுக்குத் தூரப் பவர் போட்ட போலரைஸ்டு கூலிங் கிளாஸ்தான் தோது. தண்ணியில பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தை நல்லா அடக்கும். செல்போன் திரை சில கோணத்துல இருட்டாத் தெரியும், போன் ரிப்பேர்னு பயந்துராத. யுவி 400 இருக்கான்னு கேட்டு வாங்கு. கண் ஓரத்துல சதை வளர்றதுக்கு அந்தக் கதிரும் ஒரு காரணம்.

பொழுது சாஞ்சா அதைக் கழட்டிட்டு, ஆபீஸ்ல போடுற வெள்ளைக் கண்ணாடியைப் போட்டு ஓட்டு. அது புரோகிரசிவா இருந்தா தூரமும் கிட்டவும் அதுலயே தெரியும். ஃபிரேமை உன் முகத்துல மாட்டிவிட்டுக் கருவிழி எங்க வருதுன்னு குறிச்சாங்களான்னு பாரு. குறிக்காமப் போட்டுக் குடுத்தா வாங்காத. பழகுற வரைக்கும் மாடிப்படி இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தாம, தலையையே குனிஞ்சு பாரு.

உப்புக் காத்துல வந்ததும் முந்தானையால துடைக்கவே துடைக்காத. லென்ஸ்ல ஒட்டியிருக்கிற உப்பும் துறைமுகத்துப் பக்கத்து நிலக்கரித் தூசியும் கோட்டிங்கைக் கீறிரும். நல்ல தண்ணியில அலசி, ஒரு சொட்டு பாத்திரம் விளக்குற சோப்பு போட்டுக் கழுவி, அப்புறம் மெத்துன்னு இருக்கிற துணியால ஒத்தி எடு. மெட்டல் ஃபிரேம்னா ஸ்க்ரூ துருப்பிடிக்கும், மூக்குப் பேட்ல பச்சை படியும். ஷெல் ஃபிரேமே போதும். காசு இருந்தா டைட்டானியம்.

ரெண்டுக்கும் வேற வேற நிறத்துல கூடு வாங்கிக்கோ. வண்டி டிக்கியில மட்டும் வைக்காத, அந்தச் சூட்டுல கோட்டிங் வெடிச்சிரும்.