ஆலயச் சூழலும் உயிரினங்களும்

யாழ்ப்பாணத்து முன்னோர் கோயில் கட்டியபோது மனிதருக்கு மட்டும் கட்டவில்லை. வீதியோரத்தில் மடம், வழிப்போக்கருக்குச் சுமைதாங்கி, கால்நடைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி, அவை உடலை உரஞ்சித் தினவு தீர்க்க ஆவுரஞ்சிக்கல் என்பனவற்றையும் அமைத்தனர். வாயில்லாச் சீவன்களுக்கு இரங்குவதும் சிவபுண்ணியமே என்பது அவர்கள் கொள்கை.

தலவிருட்சம்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றோடு விருட்சமும் போற்றப்படுவது சைவ மரபு. திருக்கேதீச்சரத்தின் தலவிருட்சம் வன்னி, தீர்த்தம் பாலாவி. கிராமக் கோயில்களில் ஆல், அரசு, வேம்பு, மருது என்பன நிற்கின்றன. ஆலமரம் ஒன்று பழுத்தால் குயில், மைனா, கொண்டைக்குருவி, அணில், வௌவால் யாவும் பசியாறும். வௌவால் விதைகளைத் தூர இடங்களுக்குக் கொண்டு செல்கிறது. பூச்சியுண்ணும் சிறு வௌவால்கள் நுளம்பையும் பிடிக்கின்றன.

நந்தவனம்

பூசைக்குரிய செடிகள் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் உணவாகின்றன. வில்வத்தின் தளிரிலும் எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளிலும் கறுப்பும் மஞ்சளுமான ஒருவகை வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். எருக்கிலையைத் தின்னும் புழு அதன் நஞ்சை உடலிற் சேர்த்து வைப்பதால் பறவைகள் அதனைத் தீண்டுவதில்லை. கொன்றையிலும் அலரியிலும் வேறு இனங்கள் வளருகின்றன. இலையிற் புழுவைக் கண்டதும் கிருமிநாசினி தெளித்தால் வண்ணத்துப்பூச்சியோடு தேனீயும் அழியும். தேனீ குறைந்தால் ஊரின் முருங்கையிலும் பூசணியிலும் காய் குறையும்.

கட்டிடமும் கேணியும்

கோபுரத்து மாடங்களில் கிளியும் மைனாவும் கூடு கட்டும். ஆந்தையைச் சாக்குருவியென்று விரட்டுவோர் உளர். உண்மையில் அது களஞ்சியத்து நெல்லைத் தின்னும் எலிகளைப் பிடிக்கும் காவலாளி. அதேவேளை, பறவைகளின் எச்சத்தால் கோபுரத்தில் முளைக்கும் அரசங்கன்றை இளமையிலேயே வேரோடு அகற்றி நிலத்தில் நடவேண்டும். வேரோடிய பின்பு கட்டிடம் வெடிக்கும்.

குடாநாடு சுண்ணக்கல் நிலம். வற்றாத ஆறு இங்கில்லை. ஐப்பசி, கார்த்திகை மாரியில் நிலத்தினுள் இறங்கும் நீரே கிணறுகளில் ஊறுகின்றது. திருக்குளமும் மணல் வீதியும் அந்நீரை உள்வாங்கும் வாயில்கள். அவற்றைத் தூர்த்தாலோ சீமெந்தால் மூடினாலோ மழைநீர் ஓடிக் கடலிற் சேரும். அடியார்களின் வெறுங்காலும் வெயிலிற் சுடும்.

திருப்பணியின்போது கவனிக்க வேண்டியவை

கும்பாபிஷேகம் 12 ஆண்டுகளுக்கு ஒரு தடவை வருகின்றது. அழகுபடுத்தும் ஆர்வத்தில் நிழல் மரம் வெட்டப்படுவதும், வீதி முழுவதும் கல் பதிக்கப்படுவதும் அவ்வேளையிலேதான். வெட்டிய மரத்தை அடுத்த கும்பாபிஷேகத்திற்குள் வளர்த்தெடுக்க இயலாது. ஆதலால் திருப்பணிச் சபையினர் பின்வருவனவற்றை வேலை தொடங்குமுன் தீர்மானித்தல் நன்று.

1. மரங்களை எண்ணிப் பதிவு செய்தல். தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும், கூடுகளில் குஞ்சு இல்லாத காலம் பார்த்துக் கிளை தறித்தல்.

2. நடைபாதைக்கு வேண்டிய அளவே கல் பதித்து, எஞ்சிய வீதியை மணலாக விடுதல்.

3. கேணியில் தவறி விழும் அணிலும் உடும்பும் ஏறுவதற்கு ஒரு பக்கத்திலாவது சொரசொரப்பான சரிவு அமைத்தல்.

4. திருவிழா அல்லாத இரவுகளில் கோபுர வெளிச்சத்தைக் குறைத்தல். ஒளியால் கவரப்பட்டு அந்துப்பூச்சிகள் மடிகின்றன.

5. நிவேதன மிச்சத்தைப் பொலித்தீனோடு எறியாது, பூமாலைகளுடன் குழியிலிட்டு நந்தவனத்துக்குப் பசளையாக்குதல்.

வீடுகளிலும் இதனைச் செய்யலாம். தாழ்வாரத்தில் ஒரு முட்டி கட்டினால் சிட்டுக்குருவி குடிவரும். வேலியில் கிளுவையும் பூவரசும் நின்றால் அங்கும் குருவிகள் தங்கும். கோடையில் முற்றத்தில் ஒரு சட்டி தண்ணீர் வைத்து, நுளம்பு பெருகாவண்ணம் நாள்தோறும் மாற்றிவிட்டாற் போதும்.

கோபுரம் எழுப்பப் பெரும் பொருள் வேண்டும். நிற்கும் மரத்தை நிற்க விடுவதற்குச் சதமும் செலவில்லை. எல்லா உயிர்களிலும் உறையும் இறைவனுக்கு அதுவும் ஒரு திருப்பணியே.

மேன்மைகொள் சைவநெறி தழைக்க, மாரி பொய்யாது பொழிய, எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க எல்லாம்வல்ல எம்பெருமான் அருள்பாலிப்பாராக.