பன்றிக்கு மல்லாட்டைப் புண்ணாக்கு மட்டும் போதுமா?

வி.ஆர்.ஐ. மல்லாட்டை ரகங்களைத் தந்த ஊர் விருத்தாசலம். எண்ணெய் ஆட்டி மிஞ்சும் புண்ணாக்கை வளரும் பன்றிகளுக்கும் போடலாம். ஆனா சோயாவை அடியோடு நிறுத்திடாதீங்க.

புரதம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆனால் தசை வளரத் தேவையான லைசின் என்ற அமினோ அமிலம், மல்லாட்டைப் புண்ணாக்கில் சோயாவில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அது குறைந்தால் தீனி செலவாகும், எடை ஏறாது. எள்ளுப் புண்ணாக்கிலும் லைசின் குறைவே. அதனால் கொஞ்சம் சோயாவோ மீன்தூளோ கலந்து கொடுங்க.

ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த புண்ணாக்கு வேண்டவே வேண்டாம். அதில் உருவாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வேகவைத்தாலும் போகாது. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்க.

பன்றி தீனி எடுக்கலையா? 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.