முறிந்த உறுப்பும் மூலப்படியும்

செல்லரித்த ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றிலிட்டு நூல்கள் பலவற்றை நாம் இழந்தோம். 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தால் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோ முதலிய பழங்கணினிகளையும் அங்ஙனம் இழத்தல் தகுமோ?

அக்காலக் கணினிக் கூடுகள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் ஆயவை. அதன் ரப்பர்க் கூறு ஒளியாலும் காற்றாலும் கெட, கூடு மஞ்சளித்து நொறுங்கும். முறிந்த துண்டே இனி மூலப்படி; அதனை எறியாது பொருத்தி அளந்து, முப்பரிமாண அச்சுப்பொறியிற் படியெடுத்தல் வேண்டும்.

ஈண்டுக் கருதத்தக்கன இரண்டு. பி.எல்.ஏ. இழை ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் நெகிழும். காவாந்தண்டலத்துச் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வைப்பினும் கோணும். ஏ.பி.எஸ். இழையோ 100 பாகை வரை தாங்கும். அச்சடுக்குகள் இழுவிசைக்குக் குறுக்கே அமையின் உறுப்புப் பிளக்கும். நெடுக அமையின் நிலைக்கும்.

எடுத்த அளவைப் பிறர்க்கும் வழங்குவோமாக. ஒரு படி அழியினும் மற்றொன்று நிற்கும்.