சிறாரும் மூட்டுவாதமும்

சங்கராபரணி ஆறு வில்லியனூர்ப் பகுதியை வளப்படுத்திக் கடலை நாடிச் செல்கின்றது. அவ்வாற்றங்கரைச் சிற்றூர்களுள் செல்லிப்பட்டும் ஒன்று. அவ்வூரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வாழ்வதாகக் கொள்க. காலையில் எழுந்ததும் அவளால் காலூன்ற இயலவில்லை. முழங்கால் வீங்கியிருக்கின்றது, குவளையைப் பற்றவும் விரல்கள் மறுக்கின்றன. வெயில் ஏறியதும் இறுக்கம் தளர்கின்றது. மாலையில் அவள் தோழியரோடு ஓடியாடுகின்றாள். இதனைக் கண்ட அயலார், “பள்ளிக்குச் செல்ல மனமின்றி நடிக்கின்றாள்” என்கின்றனர். பாட்டியோ, “எங்கேனும் விழுந்திருப்பாள், சுளுக்கு வழித்தால் சரியாகிவிடும்” என்கின்றாள். இவ்விரண்டும் பொருந்தா.

மூட்டுவாதம் முதியோர்க்கே உரியது என்பது பலருடைய எண்ணம். ஆயினும் பதினாறு வயது நிரம்பாத சிறாரையும் அது பற்றுவதுண்டு. ஆறு வாரங்களுக்கு மேலும் மூட்டு வீக்கம் நீடித்து, அதற்கு வேறு காரணம் காணப்படாவிடின், மருத்துவர் இந்நோயெனத் துணிவர். நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, நெறி பிறழ்ந்து மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குகின்றது. அதனால் சவ்வு தடித்து, நீர் கோத்து, மூட்டு வீங்குகின்றது. இரவெல்லாம் அசைவின்றிக் கிடப்பதால் காலையில் இறுக்கம் மிகுகின்றது. நடமாட நடமாடக் குறைகின்றது. சிறுமி நடிக்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

இந்நோய் வேறு, இளம்பிள்ளை வாதம் வேறு. இளம்பிள்ளை வாதம் தொற்றிப் பரவுவது, நரம்பைக் கெடுப்பது. தடுப்பு மருந்தின் பயனாக 2014ஆம் ஆண்டில் இந்தியா அதனின்று விடுபட்ட நாடென அறிவிக்கப்பட்டது. சிறாரின் மூட்டுவாதமோ தொற்றுவதன்று. பெற்றோரின் குற்றத்தால் வருவதுமன்று.

இலண்டன் நகரில் குழந்தை மருத்துவராக விளங்கிய ஜார்ஜ் பிரெடெரிக் ஸ்டில் என்பார், 22 குழந்தைகளை ஆராய்ந்து, 1897ஆம் ஆண்டில் இந்நோயைப் பற்றி விரிவாக எழுதினார். சிறாரின் மூட்டுநோய் பெரியோரின் நோயினின்றும் வேறுபட்டது என அவர் காட்டினார். அக்காலத்தில் மூட்டுகள் மடங்கி முடங்கிய குழந்தைகள் பலர். இன்று அந்நிலை மாறியுள்ளது. மெதோட்ரெக்சேட் முதலிய மருந்துகள் காவற்படையின் வேகத்தை அடக்குகின்றன. அம்மருந்து வாரத்திற்கு ஒருமுறையே தரப்படுவது; மறதியால் நாள்தோறும் தந்துவிட்டால் பெருந்தீங்கு நேரும். வலி நின்றதும் மருந்தைத் தாமே நிறுத்திவிடுவதும் பிழையே.

செல்லிப்பட்டுப் பெற்றோர் இதற்காக நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1823ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், புதுவைக் கோரிமேட்டில் உள்ளது. அங்கே குழந்தை மருத்துவத் துறையும், உடலின் எதிர்ப்பாற்றல் குறித்த நோய்களுக்கெனத் தனித்துறையும் உண்டு. மூட்டினைக் காட்டச் செல்லும்போது கண்ணையும் காட்டுதல் இன்றியமையாதது. இந்நோயுற்ற குழந்தைகள் சிலருக்கு, வலியோ சிவப்போ இன்றிக் கண்ணின் உட்பகுதி அழற்சியுறும். அறியாது விட்டால் பார்வையே கெடும். ஆகவே மருத்துவர் குறித்த காலந்தோறும் கண்ணைச் சோதித்தல் வேண்டும்.

மருந்தோடு மனிதர் துணையும் வேண்டும். தாய் காலையில் சற்று முன்னதாக எழுப்பி, இளஞ்சூடான நீரில் குளிப்பாட்டினால் இறுக்கம் நெகிழும். தந்தை நாள்தோறும் உடனிருந்து, மருத்துவமனையில் கற்பித்த பயிற்சிகளைச் செய்விக்கலாம். இரக்கத்தால் குழந்தையைப் பாயிலேயே கிடத்துவது நன்மையன்று. அசையாத மூட்டு இறுகும், உழைக்காத தசை மெலியும். ஆசிரியர், அவள் சிறிது தாமதித்து வரினும் கடியலாகாது. இடையிடையே எழுந்து நடக்கவும், எழுதுவதற்குக் கூடுதல் நேரம் பெறவும் இடந்தர வேண்டும். தோழியர் புத்தகப் பையைச் சுமந்து உதவலாம். ஆட்டத்தில் அவளை ஒதுக்காமல், அவளால் இயன்ற பங்கினை அளிக்கலாம்.

ஒருநாள் ஓடியும் மறுநாள் நொண்டியும் வரும் குழந்தையைக் கண்டால் நகைத்தல் எளிது. “இன்று வலி எவ்வாறு உள்ளது?” என்று வினவுதலும் அத்துணை எளிதே. முன்னது குழந்தையைத் தன் வலியை மறைக்கச் செய்யும். மறைத்த வலி மருத்துவரை எட்டாது. பின்னது அவளைப் பேசச் செய்யும். காலத்தில் சொல்லப்பட்ட ஒரு சொல்லே ஒரு மூட்டினை முடங்காமற் காக்கக் கூடும்.