மரத்தை வெட்டாமலே இடம் காணலாம்

ரப்பர் மரங்கள் சூழ்ந்த வீடுகளில் ஒரு குறை ஏற்படுவதுண்டு. பிப்ரவரியில் டிஷ் பொருத்தியபோது தெளிவாகத் தெரிந்த தொலைக்காட்சிப் படம், மே மாதத்தில் உடைந்து உடைந்து மறைகிறது. கருவி பழுதடைந்தது எனக் கருதிச் சிலர் வீண் செலவு செய்கின்றனர். சிலர் நிழல் தரும் மரத்தையே வெட்டிவிடுகின்றனர்.

காரணம் எளியது. ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரங்கள் இலைகளை உதிர்க்கின்றன. வெறுங்கிளைகளின் ஊடே தடையின்றி வரும் அலைகளை, புதிய இலைகள் முற்றி அடர்ந்தபின் அவற்றிலுள்ள நீர் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே, இலை அடர்ந்த காலத்திலேயே டிஷ்ஷுக்கு இடம் தேடவேண்டும்.

துணைக்கோளம் எங்கே உள்ளது?

மலேசியாவின் முதல் துணைக்கோளமான மீசாட் 1, 1996ஆம் ஆண்டில் விண்ணில் செலுத்தப்பட்டது. இன்று ஆஸ்ட்ரோ, என்ஜோய் நிகழ்ச்சிகளை அனுப்பும் மீசாட் துணைக்கோளங்கள், சுமத்திராவுக்கு மேற்கே, நிலநடுக்கோட்டிற்கு நேர்மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளன. தீபகற்ப மலேசியாவிலிருந்து நோக்கினால், அவை மேற்கே, சற்றுத் தெற்குச் சாய்ந்து, தரையிலிருந்து ஏறத்தாழ 77 பாகை உயரத்தில் அமைந்துள்ளன. டிஷ் நன்கு சாய்ந்திருப்பதுபோல் தோன்றினாலும், அலைகள் ஏறக்குறைய உச்சியிலிருந்தே வருகின்றன. எனவே, தொலைவிலுள்ள மரவரிசை தடையாகாது. மேலே கவிந்த கிளைகளே தடையாகும்.

மேற்குப் புறத்து மரம் டிஷ்ஷைவிட 4 மீட்டர் உயர்ந்திருந்தால், அதன் கிளை நுனியிலிருந்து 1 மீட்டர் விலகியிருக்க வேண்டும். 20 மீட்டர் உயர்ந்திருந்தால் 5 மீட்டர் விலகல் போதும். கிளைகள் வளரும் என்பதால், இன்னும் சிறிது இடம் விடுவது நலம்.

கதிரவன் காட்டும் இடம்

கருவி எதுவுமின்றி இடத்தைச் சோதிக்கவும் வழியுண்டு. செப்டம்பர் 23ஆம் தேதியை ஒட்டிய இரண்டு மூன்று நாள்களில், பிற்பகல் 1.50க்கும் 2.00க்கும் இடையே, கதிரவன் துணைக்கோளம் இருக்கும் திசைக்கே வருகிறான். மரங்களில் இலை அடர்ந்திருக்கும் காலமும் அதுவே. டிஷ் அமையவிருக்கும் உயரத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்க்கவும். தாள் முழுவதும் வெயில் விழுந்தால் அதுவே தக்க இடம். இலை நிழல் ஆடினால், சில அடிகள் நகர்ந்து மீண்டும் பார்க்கவும். தாளில் விழும் நிழலை மட்டுமே நோக்கவேண்டும். கதிரவனை நேரே பார்ப்பது கண்ணுக்குக் கேடு.

கடும் மழையின்போது படம் சிறிது நேரம் மறைவது இயல்பு. அதற்காக டிஷ்ஷைத் திருப்பிவிடலாகாது.

ஒரு ரப்பர் மரத்தில் பால் வெட்ட, நட்டபின் ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கிறோம். சில அடிகள் நகர்த்தினால் தீரும் குறைக்காக அம்மரத்தை வீழ்த்துவது முறையன்று. தோட்ட நிர்வாகத்தின் அனுமதியுடன், தக்க இடத்தில் கம்பம் நாட்டுவோம். படமும் தெளியும், மரமும் பிழைக்கும்.