ஆறு ஓடும் அரைப்பாலையில்

ஆம்பூர் டேனரிகளில் இருபது வருஷம் வேலை பார்த்தவன் நான். ஜோலார்பேட்டையில் வீடு, விடிகாலை ரயிலில் போய் இருட்டிய பிறகு திரும்புகிற வாழ்க்கை. அதன் பிறகு எத்தியோப்பியாவில் மோஜோ என்கிற ஊரில் டேனரி டெக்னீஷியன் வேலை அமைந்தது. அடிஸ் அபாபாவிலிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவில் உள்ள தோல் ஊர் அது. அந்த நாட்டு மேட்டுநிலச் செம்மறித் தோல் மெல்லியது, ஆனால் உறுதியானது. கையுறை செய்கிறவர்கள் அதைத் தேடி வாங்குவார்கள். நம் பக்கத்து ஆட்கள் பலர் அங்கே வேலை பார்த்திருக்கிறார்கள். மோஜோவிலிருந்து கிழக்கே 150 கி.மீ. போனால் அவாஷ் தேசியப் பூங்கா. நான் மூன்று முறை போய் வந்தேன். அடுத்துப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கிளம்பும் முன்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை ஊரிலேயே போட்டுக்கொள்ளுங்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் எத்தியோப்பியாவிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள்.

ஐப்பசி முதல் மாசி வரை போவது நல்லது. ஜூலை முதல் செப்டம்பர் வரை பெருமழை. மண் பாதைகளில் வண்டி சிக்கிக்கொள்ளும். பூங்காவுக்குள் இருக்கும் ஃபெண்டாலே ஓர் எரிமலை. 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் அதைச் சுற்றி நிலநடுக்கம் தொடர்ந்து வந்ததால் ஆயிரக்கணக்கான மக்களை இடம் மாற்றினார்கள். அதனால் நிலத்தின் நிலைமையையும் சாலையின் பாதுகாப்பையும் கிளம்புகிற வாரமே விசாரித்துவிடுங்கள். இரவுப் பயணம் வேண்டாம்.

மணியைத் தெளிவாகச் சொல்லுங்கள்

முதல் பயணத்தில் ஓட்டுநரிடம், “ஞாயிறு ஆறு மணிக்கு வாங்க” என்றேன். அவர் வந்தபோது உச்சி வெயில். எனக்குக் கோபம், அவருக்கோ ஒன்றும் புரியவில்லை. எத்தியோப்பியர்கள் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். நமக்குக் காலை 7 மணி என்றால் அவர்களுக்கு 1 மணி. அவர்களின் 6 மணி நமக்கு நண்பகல் 12. நம் தாத்தாக்கள் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதும் இதே கணக்குத்தானே! அந்த நினைப்பு வந்ததும் கோபம் போய்விட்டது. ஆனால் விலங்குகள் நடமாடும் காலைப்பொழுதும் போய்விட்டது. “விடியும் நேரம்” என்று சொல்லுங்கள். இரண்டு கணக்கிலும் மணியை எழுதிக் காட்டுங்கள்.

எதை எதிர்பார்க்கலாம்

டிவியில் பார்த்த ஆப்பிரிக்காவை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வராதீர்கள். யானைக்கூட்டமோ ஒட்டகச்சிவிங்கியோ கிடையாது. சிங்கம் கண்ணில் படுவது அபூர்வம். இந்த இடத்தின் அழகு வேறு. பூங்கா வாசலில் துப்பாக்கி ஏந்திய காவலர் (ஸ்கவுட்) ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு இலாலா சாலா சமவெளிக்குப் போங்கள். சாலா என்றால் ஓரிக்ஸ் மான். ஈட்டி போல நேரான இரு கொம்பு. முகத்தில் கறுப்புக் கோடுகள். புல், இலைகளின் ஈரத்தை வைத்தே பல நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கும். அதே புல்வெளியில் கோரி பஸ்டர்ட் நடக்கும்; நம் நாட்டில் அழிந்துகொண்டிருக்கும் கானமயிலுக்கு உறவு. 450க்கும் மேற்பட்ட பறவை வகைகளைப் பூங்காவில் பதிவு செய்திருக்கிறார்கள். பறவை பார்க்கத் தெரிந்தவர்கள் இரண்டு நாள் கூடுதலாகத் தங்குங்கள்.

வடகோடியில் ஃபில்வோஹா வெந்நீர் ஊற்றுகள். அங்கே நிற்கும் பனைகளைப் பார்த்து வெகுநேரம் நின்றுவிட்டேன். ஒவ்வொன்றும் கிளை கிளையாகப் பிரிந்திருந்தது. டூம் பனை என்கிறார்கள். ஊற்றின் பிறப்பிடத்தில் சூடு மிக அதிகம். அங்கிருந்து தள்ளிப் போய், தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள்.

தங்கும்போது

அவாஷ் அருவிக்கு எதிரே லாட்ஜில் அறை எடுங்கள். குடிசை போன்ற அறைகள். டார்ச் கட்டாயம் வேண்டும். சன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பாட்டை மேசையில் வைக்காதீர்கள். பபூன் குரங்குகள் வந்துவிடும். ஹமத்ரியாஸ், அனுபிஸ் என்ற இரண்டு பபூன் இனங்கள் இந்த அவாஷ் ஆற்றங்கரையில் கலந்து வாழ்வதை விஞ்ஞானிகள் பல வருஷமாக ஆராய்கிறார்கள். ஆற்றில் முதலை உண்டு. குளிக்க இறங்கவே கூடாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் “யெட்சோம்” என்று கேளுங்கள், நோன்புச் சாப்பாடு என்று பொருள். புளித்த மாவில் சுட்ட இஞ்சராவும் கடலைமாவுக் குழம்பான ஷிரோவும் வரும்.

கரையூ, அஃபார் மக்கள் காலங்காலமாக மாடும் ஒட்டகமும் மேய்த்த நிலம் இது. கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

தண்ணீர் அருகே உட்காருங்கள்

வண்டியில் சுற்றிச் சுற்றித் தேடியதைவிட ஆற்றங்கரை மேட்டில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்ததில்தான் அதிகம் பார்த்தேன். வெயில் சாயும்போது பபூன்கள் வரிசையாக இறங்கின. ஒரு குடு மான் காதை விறைத்துக்கொண்டு வந்து குனிந்து குடித்தது. சற்றுத் தள்ளி ஒரு சிறுமி மஞ்சள் கேனில் தண்ணீர் மொண்டாள்.

அப்போதுதான் அந்தத் தண்ணீர் வரும் வழி மனதில் ஓடியது. மோஜோ ஊரை ஒட்டிப் போகும் மோஜோ ஆறு கோகா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அங்கிருந்து அவாஷ் ஆறாக இந்த அருவிக்கு வருகிறது. அவாஷ் கடலைப் பார்ப்பதே இல்லை. அஃபார் பாலைவன ஏரியில் முடிகிறது. மேலே விட்டதைக் கழுவிக் கொண்டுபோகக் கடல் கிடையாது. டேனரிக் கழிவால் மோஜோ ஆறு கெட்டிருப்பதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பாலாற்றங்கரைக்காரனுக்கு இது புதுக்கதையா? டேனரிக் கழிவால் நம் கிணறுகள் உப்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது நான் ஆம்பூரில் தோல் மடித்துக்கொண்டிருந்தேன். கழிவு என்பது அப்போது எனக்கு முதலாளிகளின் பிரச்சினை. அவாஷ் கரையில் அந்தக் கேனைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நேராகக் கழிவுநீர்த் தொட்டிக்குத்தான் போனேன். அன்றிலிருந்து நாள் தவறாமல் போனேன்.